நோர்வேயின் செல்வம் எண்ணெயால் மட்டும் வந்ததா?

களுவாஞ்சிக்குடி ஆசிரியன் – கேள்வி

அனைவருக்கும் வணக்கம். களுவாஞ்சிக்குடிப் பக்கத்துப் பாடசாலை ஒன்றில் உயர்தர வகுப்புக்குப் புவியியல் கற்பித்து வருகிறேன். மாணவர்களிடையே கைமாறித் திரியும் ஒரு குறிப்பில் நோர்வேயைப் பற்றி இரண்டே வரிகள் உள்ளன. 1969 வரை அது ஐரோப்பாவின் மிக வறிய நாடாக இருந்தது என்பது ஒன்று. கடலில் எண்ணெய் கிடைத்ததும் செல்வந்த நாடாகிவிட்டது என்பது மற்றொன்று. பிள்ளைகள் அதை அப்படியே மனனம் செய்து ஒப்புவிக்கிறார்கள். எண்ணெய் கிடைத்த நாடுகள் உலகில் ஏராளம் இருக்க, அவற்றுள் மிகச் சிலவே நோர்வேயைப் போல் ஆகியிருப்பதால், இந்த விளக்கம் எனக்குப் போதவில்லை.

நம் பகுதியில் நோர்வே என்றதும் பெரியவர்களுக்கு நினைவு வருவது 2002ஆம் ஆண்டுப் போர்நிறுத்த உடன்படிக்கையும், மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் அலுவலகம் வைத்திருந்த கண்காணிப்புக் குழுவும்தான். அந்த அரசியலை இங்கே எடுக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். எனக்குத் தெரிய வேண்டியது இவ்வளவே: விளைநிலம் அருகிய அந்நாட்டில் மக்கள் பல நூற்றாண்டுகளாக எதை நம்பிப் பிழைத்தார்கள்? எண்ணெய்க்கு முன்னர் அந்நாடு உண்மையிலேயே வறுமையில் இருந்ததா? எண்ணெய் வந்த பின்னர் அந்தப் பணம் அவர்களைக் கெடுக்காமல் விட்டது எப்படி? அங்கு வாழ்பவர்களும் கடற்றொழில் அறிந்தவர்களும் எழுதினால் வகுப்புக்கு உதவியாக இருக்கும்.

கல்முனையான் – பதில்

ஆசிரியருக்கு வணக்கம். நானும் இதே பாடத்தைக் கற்பித்து ஓய்வுபெற்றவன் என்பதால் நிலத்திலிருந்தே தொடங்குகிறேன். வடமுனைத் தீவுகளை விட்டுப் பெருநிலத்தை மட்டும் கணக்கிட்டால் நோர்வேயின் பரப்பு சுமார் 3,24,000 சதுர கிலோமீற்றர். இலங்கையைப் போல் ஏறத்தாழ ஐந்து மடங்கு. அங்கே வாழ்பவர்களோ 55 இலட்சத்தைச் சற்றுத் தாண்டியவர்கள். நம் மக்கள்தொகையில் காற்பங்கு. பயிர் செய்யத்தக்க நிலம் நூற்றுக்கு மூன்று பங்கு மட்டுமே. கல்லோயாத் திட்டத்து வாய்க்கால்களுக்கு நடுவே, கண்ணுக்கெட்டிய தூரம் நெல்வயலைப் பார்த்து வளரும் நம் பிள்ளைகளுக்கு இந்த மூன்று பங்கு என்பதன் கடுமையை உணர்த்துவது எளிதன்று. மலையின் உயரத்தால் வந்த கடுமை அன்று அது. அந்நாட்டின் மிக உயர்ந்த சிகரமான கல்தேபிக்கன் 2,469 மீற்றர்தான். நமது பிதுருதலாகலை அதைவிட 55 மீற்றர் உயரமானது. இதை வகுப்பிற் சொன்னால் பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருவார்கள்.

கடுமைக்குக் காரணம் பனிக்கட்டியாறுகள். பனியூழிக் காலத்தில் அவை மலைகளைச் செதுக்கி, மண்ணை வழித்துக்கொண்டு போய்க் கடலிற் கொட்டின. எஞ்சியது பெரும்பாலும் வெறும் பாறை. ஆனால் அதே பனிக்கட்டி பள்ளத்தாக்குகளைக் கடல்மட்டத்துக்கும் மிகக் கீழே ஆழமாகக் குடைந்துவிட்டது. பனி உருகிய பின் கடல் உள்ளே புகுந்ததால் பியோர்ட் எனப்படும் நுழைகழிகள் உருவாயின. அவற்றுள் நீளமானதாகிய சொக்னே நுழைகழி 200 கிலோமீற்றருக்கும் மேலாக உள்நாட்டுக்குள் செல்கிறது. அதன் அதிகூடிய ஆழம் 1,300 மீற்றர். மட்டக்களப்பு வாவியோடு இதை ஒப்பிட்டுக் கற்பிக்கலாம். நம் வாவி கடல் கொண்டுவந்து போட்ட மணலால் அடைபட்டு உருவானது. நுழைகழி பனிக்கட்டி பாறையைக் குடைந்ததால் உருவானது. இரண்டிலும் முகத்துவாரம் உட்பகுதியைவிட ஆழம் குறைந்து இருக்கக்கூடும் என்றாலும், நமக்கு அங்கே இருப்பது மழைக்கு முன் வெட்டிவிட வேண்டிய மணற்றிட்டு. அவர்களுக்கு இருப்பது பனிக்கட்டி குடையாமல் விட்டுப்போன பாறைப்படி. அந்தப் படிக்கு மேலேயே பெரிய கப்பல் செல்லத்தக்க ஆழம் இருப்பதால், மலையடிவாரத்துக் கிராமம்கூட ஒரு துறைமுகமாகிவிடுகிறது.

அடுத்தது வட அத்திலாந்திக் வெந்நீரோட்டம். லொபோத்தன் தீவுகள் ஆர்க்டிக் வட்டத்துக்கு வடக்கே 68 பாகையில் உள்ளன. அதே அகலக்கோட்டிலுள்ள கனடாக் கரை பல மாதங்கள் உறைந்து கிடக்க, லொபோத்தனின் வெளித்தீவுகளில் சனவரி மாதச் சராசரி வெப்பநிலை பூச்சியப் பாகையை ஒட்டியே நிற்கிறது. துறைகள் உறைவதில்லை. சுவீடனின் கிருனாச் சுரங்கத்து இரும்புத்தாது நோர்வேயின் நார்விக் துறைமுகம் வழியாகக் கப்பலேறுவதும் இதனாலேயே.

மக்கள் எதை நம்பிப் பிழைத்தார்கள் என்ற வினாவுக்கு விடை அந்த லொபோத்தனில் இருக்கிறது. ஒவ்வோர் ஆண்டும் சனவரி முதல் ஏப்ரல் வரை, பாரன்ற்ஸ் கடலில் வளர்ந்த கொட் மீன்கள் முட்டையிடுவதற்காகக் கூட்டங்கூட்டமாக அங்கே வருகின்றன. பிடித்த மீனின் தலையையும் குடலையும் அகற்றி, வாலோடு வால் சேர்த்து இரண்டிரண்டாகக் கட்டி, கடற்கரையில் நிறுத்திய மரச்சட்டங்களில் தொங்கவிடுவார்கள். உப்பு ஒரு கல்லும் இடுவதில்லை. உறைந்து சிதையாத, ஆனால் ஈ மொய்க்காத அளவு குளிர். கூடவே ஓயாத கடற்காற்று. மே மாதமளவில் அது விறகுபோல் இறுகி, ஆண்டுக்கணக்காகக் கெடாத கருவாடாகிவிடும். வைகிங் காலத்திலேயே வணிகப் பொருளாகிவிட்ட இந்தக் கருவாடு இன்றும் இத்தாலிக்குப் போகிறது. காயவைத்த தலைகள் நைஜீரியாவில் குழம்புக்கு விலைபோகின்றன.

ஆனால் இலாபம் பிடித்தவன் கையில் தங்கவில்லை. 1360ஆம் ஆண்டளவில் ஹன்சா எனப்படும் ஜேர்மானிய நகரங்களின் கூட்டமைப்பைச் சேர்ந்த வணிகர்கள் பேர்கன் நகரில் தங்கள் அலுவலகத்தை நிறுவினார்கள். தானியம் விளையாத வடக்கிலிருந்து மீனவர்கள் கருவாட்டை ஏற்றிக்கொண்டு வருவார்கள். வணிகர் அதற்குப் பதில் தானியமும் தளவாடமும் கொடுத்துக் கணக்கிற் கடன் எழுதிக்கொள்வார். அடுத்த ஆண்டின் மீனும் அதே வணிகருக்கே என்பது எழுதப்படாத ஒப்பந்தம். சம்மாட்டியிடம் முற்பணம் வாங்கிய தொழிலாளியின் கதை நம் கரைக்கு மட்டும் உரியதன்று.

ஸ்டாவங்கர் மட்டுநகரான் – பதில்

ஆசிரியர் அவர்களுக்கும் கல்முனை சேருக்கும் வணக்கம். ஆரையம்பதியிற் பிறந்து, எண்பதுகளின் இறுதியில் நோர்வேக்கு வந்தவன் நான். முதலில் வடகோடியிலுள்ள பின்மார்க்கில் மீன் வெட்டும் தொழிற்சாலையிலும், பின்னர் எண்ணெய்த் தொழிலின் தலைநகரமாகிய ஸ்டாவங்கரிலும் வேலை செய்திருப்பதால், இந்நாட்டின் இரண்டு பிழைப்புகளையும் உள்ளே நின்று பார்த்திருக்கிறேன்.

ஐரோப்பாவின் மிக வறிய நாடு என்ற அந்த வரியைப் பிள்ளைகள் குறிப்பிலிருந்து அடித்துவிடலாம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் வறுமை இருந்தது உண்மை. 1825இல் ஸ்டாவங்கரிலிருந்து ரெஸ்டவ்ராஷன் என்ற சிறு பாய்க்கப்பல் அமெரிக்காவுக்குப் புறப்பட்டதில் தொடங்கி, அடுத்த நூறு ஆண்டுகளில் ஏறத்தாழ எட்டு இலட்சம் பேர் கடல்கடந்தார்கள். மக்கள்தொகை விகிதப்படி அயர்லாந்துக்கு அடுத்தபடியாக இதுவே பெரிய வெளியேற்றம். அரசியலிலும் அது பிறர் கைக்குள் இருந்த நாடுதான். 1349இல் பேர்கனுக்குக் கப்பலில் வந்த கொள்ளைநோய் மக்களிற் பாதியளவினரை அழித்தது. 1397இல் டென்மார்க், சுவீடன் ஆகியவற்றோடு ஒரே முடியின் கீழான கல்மார் ஒன்றியத்துக்குள் நாடு சென்றது. பின்னர் 1814 வரை டென்மார்க்கின் ஆட்சி. அந்த ஆண்டு மே 17ஆம் திகதி எய்ட்ஸ்வோலில் தமக்கென ஓர் அரசியலமைப்பை எழுதிக்கொண்டும்கூட, 1905 வரை சுவீடன் மன்னரையே தம் மன்னராக ஏற்றிருக்க நேர்ந்தது.

ஆனால் 1969இல் நோர்வே ஏழை நாடு அன்று. இரண்டாம் உலகப்போர் தொடங்கியபோது அதன் வணிகக் கப்பற்படை உலகில் நான்காவது பெரியது. அருவிகளிலிருந்து மின்சாரமும், அந்த மின்சாரத்திலிருந்து உரமும் உலோகமும் செய்யும் தொழிற்சாலைகள் அரை நூற்றாண்டுக்கு மேலாக ஓடிக்கொண்டிருந்தன. ஆசிரியரின் வினாவுக்கான திறவுகோலை நான் இந்த அருவிகளிலேதான் காண்கிறேன். ஆகவே சற்று விரித்து எழுதுகிறேன்.

1903இல் கிறிஸ்தியன் பேர்க்லண்ட் என்ற இயற்பியலாளரும் சாம் ஐடே என்ற பொறியியலாளரும் மின்வில்லின் வெப்பத்தால் காற்றிலுள்ள நைதரசனைப் பிடித்து உரமாக்கும் முறையைக் கண்டார்கள். அதற்கு மின்சாரம் ஏராளமாக வேண்டும். நோர்வேயில் அருவிகளுக்குப் பஞ்சமில்லை. 1905இல் நொஷ்க் ஹீட்ரோ நிறுவனம் தொடங்கியது. முதலீடு பெரும்பாலும் வெளிநாட்டினருடையது. அருவிகளையும் அவர்களே விரைந்து வாங்கத் தொடங்கினார்கள். அப்போதுதான் சுதந்திரமடைந்திருந்த நாடாளுமன்றம் 1906இல் அவசர அவசரமாக ஒரு சட்டத்தை இயற்றி அரச அனுமதியின்றி அருவி வாங்குவதைத் தடுத்தது. 1909இல் வந்த சட்டம் அதற்கும் மேலே சென்றது. ஒரு கம்பனி அருவியைப் பயன்படுத்தலாம். ஆனால் 60 முதல் 80 ஆண்டுகள் கழிந்ததும் அணை, சுரங்கக் குழாய், மின்நிலையம் ஆகிய அனைத்தும் இழப்பீடின்றி அரசுக்கு வந்துசேர வேண்டும். யொஹான் காஸ்ட்பேர்க் போன்ற அரசியல்வாதிகள் இதற்காகக் கடுமையாக வாதிட்டார்கள். முதலீட்டாளர்கள் ஓடிவிடுவார்கள் என்று அன்றும் அச்சுறுத்தப்பட்டது, அவர்கள் ஓடவில்லை. இன்றைக்கு நோர்வேயின் மின்சாரத்தில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கு நீரிலிருந்தே கிடைக்கிறது. நீர்வலுவின் பெரும்பங்கு பொதுவுடைமையாகவே உள்ளது.

எண்ணெய் வந்தபோது அவர்கள் புதிதாக எதையும் சிந்திக்க வேண்டியிருக்கவில்லை என்று சொன்னால் அது மிகை. ஆனால் சிந்திக்கும் பழக்கம் ஏற்கெனவே இருந்தது. 1958இல் நோர்வேயின் புவிச்சரிதவியல் நிறுவனம், கரையோரக் கடலடியில் எண்ணெய் இருக்கும் வாய்ப்பைப் புறக்கணித்துவிடலாம் என்று எழுதியிருந்தது. அடுத்த ஆண்டே நெதர்லாந்தின் கிரொனிங்கனில் பெரும் எரிவாயுப் படுகை கண்டறியப்பட்டது. 1962இல் அமெரிக்காவின் பிலிப்ஸ் நிறுவனம் மாதம் 1,60,000 டொலர் தருவதாகவும் தேடும் உரிமையைத் தருமாறும் கேட்டது. அரசு மறுத்தது, 1963இல் கரையை ஒட்டிய கடலடியாகிய கண்டமேடை முழுவதும் அரசின் உடைமை என்று பிரகடனம் செய்தது, 1965இல் பிரித்தானியாவோடும் டென்மார்க்கோடும் நடுக்கோட்டு எல்லையை வகுத்துக்கொண்டது, அதன் பிறகே அனுமதிகளைப் பகுதி பகுதியாக வழங்கியது. 1969 இறுதியில் வடகடலில் எகோபிஸ்க் என்ற பெரிய எண்ணெய்ப் படுகை கிடைத்தது. 1972இல் ஸ்டாட்டொயில் என்ற அரச கம்பனி உருவானது. இந்த அமைப்புகளைத் திட்டமிட்டவர்களுள் ஈராக்கிலிருந்து வந்த பாரூக் அல்-காசிம் என்ற புவிச்சரிதவியலாளரும் ஒருவர். தன் நாட்டில் எண்ணெய் யாருக்குப் பயன்பட்டது என்பதைக் கண்ணாற் கண்டவர். வெளிநாட்டுக் கம்பனிகளை அவர்கள் விரட்டவில்லை. வேலை கொடுத்தார்கள், அவர்களிடம் தொழிலைக் கற்றார்கள், இலாபத்தில் வரி வாங்கினார்கள். இன்று எண்ணெய் இலாபத்தின் மீதான மொத்த வரி நூற்றுக்கு 78.

வாழைச்சேனைக் கரை – பதில்

அருவியும் எண்ணெயும் இருக்கட்டும். எனக்கு மீனைப் பற்றியே தெரிய வேண்டும். நான் இயந்திரப் படகுத் தொழில் செய்பவன். இங்கே கரையில் படகு வந்து நிற்கும்போது விலையைச் சொல்வது லொறிக்காரர்; டீசலுக்கும் ஐசுக்கும் முற்பணம் தந்தவரே மீனையும் எடுப்பதால் நமக்குப் பேச வாய் இருப்பதில்லை. கல்முனை சேர் எழுதிய பேர்கன் வணிகர் முறை அங்கே எப்போது ஒழிந்தது, யார் ஒழித்தார்கள் என்பதை ஸ்டாவங்கர் அண்ணன் விளக்க முடியுமா?

ஸ்டாவங்கர் மட்டுநகரான் – பதில்

தம்பி, அதற்குச் சட்டமும் சண்டையும் இரண்டும் வேண்டியிருந்தன. 1890ஆம் ஆண்டு லொபோத்தனின் ட்ரொல்பியோர்ட் என்னும் ஒடுங்கிய நுழைகழிக்குள் மீன் குவிந்தபோது, நீராவிக் கப்பல் வைத்திருந்த முதலாளிகள் வாயிலைப் பெருவலைகளால் அடைத்துக்கொண்டு, உள்ளே தொழில் செய்யக் கட்டணம் கேட்டார்கள். துடுப்புத் தோணிக்காரர்கள் திரண்டு, தடுப்பை உடைத்து உள்ளே நுழைந்தார்கள். சில ஆண்டுகளுக்குள் அத்தகைய வலைகள் லொபோத்தன் மீன்பிடியில் சட்டப்படி தடைசெய்யப்பட்டன. சுருக்குவலைப் பிரச்சினையை அறிந்த உங்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

விலை விடயம் 1930களில் தீர்ந்தது. உலகப் பொருளாதார மந்தத்தில் மீனின் விலை அடிமட்டத்துக்குப் போனபோது, வடக்கின் மீனவர்கள் 1938இல் நோர்கஸ் ராபிஸ்க்லாக் என்ற தங்கள் விற்பனை அமைப்பை உருவாக்கினார்கள். கரைக்கு வரும் மீனின் முதல் விற்பனை அந்த அமைப்பின் வழியாக மட்டுமே நடைபெற வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. மீனவர் அமைப்பும் வாங்குவோரும் கூடிக் குறைந்தபட்ச விலையைப் பேசுகிறார்கள். இணக்கம் ஏற்படாவிட்டால் அமைப்பே அதை நிர்ணயிக்கலாம். வாங்குபவர் பணத்துக்குப் பிணை வைக்க வேண்டும். இவற்றோடு மீன்பிடிக் கப்பலின் உரிமை, பொதுவாக, தானே கடலுக்குச் செல்லும் மீனவரின் கையிலேயே இருக்க வேண்டும் என்ற சட்டமும் உண்டு. பணம் மட்டும் வைத்திருப்பவர் படகுகளை வாங்கிக் குவிக்க முடியாது. அதற்கும் விலக்குகள் உண்டு, பெரிய மீன்பதனிடும் கம்பனிகள் சில அவற்றைப் பெற்றும் இருக்கின்றன. அதைப் பற்றிய சச்சரவு வடக்கில் இன்னும் அடங்கவில்லை.

இன்னொன்று. 1989 ஏப்ரலில் கொட் மீன் இருப்பு மிகக் குறைந்துவிட்டது என்று கண்டதும், அரசு கரையோரப் படகுகளுக்கும் மீன்பிடியை நிறுத்தியது. மீன் கடலில் கண்ணெதிரே திரிகிறது, ஆனால் வலை போடக் கூடாது. நாங்கள் வேலை செய்த தொழிற்சாலையில் வெட்டுமேசைகள் கழுவித் துடைத்தபடியே கிடந்தன. பட்டியை இயக்குவதற்கு மீன் இல்லை. பலர் தெற்கு நகரங்களுக்குப் போய்விட்டார்கள். அந்தக் கோபத்தை நான் நேரிற் கேட்டவன். ஆனால் இருப்பு மீண்டது. இதே காலத்தில் கனடாவின் நியூபவுண்ட்லாந்தில் தயங்கித் தயங்கி 1992இல் நிறுத்தினார்கள். அங்கே கொட் மீன் பல பத்தாண்டுகளுக்குத் தலையெடுக்கவில்லை. பாரன்ற்ஸ் கடலில் நோர்வேயும் ரஷ்யாவும் சேர்ந்தே ஆண்டு ஒதுக்கீட்டை முடிவுசெய்கின்றன. 2013இல் அது பத்து இலட்சம் தொன் வரை உயர்ந்தது. 2025இல் மறுபடி 3,40,000 தொன்னாகக் குறைக்கப்பட்டிருக்கிறது. கடலில் எதுவும் நிலையானதன்று என்பதை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

அக்கரைப்பற்றான் – பதில்

எல்லாவற்றையும் சட்டத்தின் பெருமையாக்கிவிடுவதில் எனக்கு உடன்பாடில்லை. ஐம்பத்தைந்து இலட்சம் பேருக்கு இவ்வளவு கடலும் அருவியும் எண்ணெயும் என்பது முதலில் அதிர்ஷ்டம். எண்ணெய் வந்தபோது ஏற்கெனவே எழுத்தறிவுள்ள மக்களும் ஊழல் குறைந்த நிர்வாகமும் இருந்தமை இரண்டாவது அதிர்ஷ்டம். அவர்களும் தவறியிருக்கிறார்கள். எழுபதுகளில் வரப்போகும் எண்ணெய்ப் பணத்தை எதிர்பார்த்துக் கடன் வாங்கிச் செலவழித்தார்கள்; 1986இல் எண்ணெய் விலை சரிந்தது; சில ஆண்டுகளில் பெரிய வங்கிகளை அரசே பொறுப்பேற்க வேண்டிய நெருக்கடி வந்தது. 1980 மார்ச்சில் அலெக்சாண்டர் கீலண்ட் என்ற கடல்மேடை கவிழ்ந்து 123 பேர் இறந்தார்கள். வடக்கின் பழங்குடியினரான சாமி மக்களின் மொழியைப் பாடசாலைகளில் ஒடுக்கினார்கள். அல்ட்டா ஆற்று அணைக்கு எதிரான அவர்களின் போராட்டத்துக்குப் பிறகே 1989இல் சாமி நாடாளுமன்றம் திறக்கப்பட்டது, 1997இல் மன்னர் வருத்தம் தெரிவித்தார். இன்று புதிதாக விற்பனையாகும் கார்களிற் பெரும்பாலானவை மின்சாரக் கார்கள் என்று பெருமைப்படும் அதே நாடுதான் எண்ணெயையும் எரிவாயுவையும் பிறருக்கு விற்றுக்கொண்டிருக்கிறது. இதையும் வகுப்பிற் சொல்லுங்கள்.

களுவாஞ்சிக்குடி ஆசிரியன் – பதில்

அனைவருக்கும் நன்றி. அக்கரைப்பற்றார் குறிப்பிட்டதையும் சேர்த்தே கற்பிப்பேன். ஒன்று மட்டும் எஞ்சியிருக்கிறது. எண்ணெய் வருமானத்தை நோர்வே ஒரு நிதியிற் சேர்த்து வைத்திருக்கிறது அல்லவா? அந்த நிதியை ஆட்சிக்கு வரும் கட்சி தேர்தலுக்கு முன் அள்ளி இறைக்காமல் எது தடுக்கிறது?

ஸ்டாவங்கர் மட்டுநகரான் – பதில்

அக்கரைப்பற்றார் சொன்ன எண்பதுகளின் அடியே நிதிக்குக் காரணம் எனலாம். 1990இல் சட்டம் இயற்றப்பட்டது. போடுவதற்குப் பணமில்லாமல் கணக்கு 1996 வரை வெறுமையாகவே இருந்தது. இன்று அது சுமார் 20 இலட்சம் கோடி குரோனர். தலைக்குப் பங்கிட்டால் ஒருவருக்கு 35 இலட்சம் குரோனருக்கு மேல். உலகப் பங்குச் சந்தைகளிலுள்ள கம்பனிகளின் பங்குகளில் ஏறத்தாழ நூற்றுக்கு ஒன்றரைப் பங்கு இந்த நிதிக்குச் சொந்தம்.

தடுப்பு இரண்டு வகை. முதலாவது, நிதியை உள்நாட்டில் முதலிட முடியாது. முழுவதும் வெளிநாட்டிலேயே இடப்பட வேண்டும். அதனால் எந்த அமைச்சரும் தன் தொகுதியில் அந்தப் பணத்தால் தொழிற்சாலை கட்ட முடியாது. உள்நாட்டில் பணம் பெருகி விலைவாசி ஏறி மற்றத் தொழில்கள் நலிவதும் ஓரளவு தவிர்க்கப்படுகிறது. இரண்டாவது, 2001இல் கட்சிகள் ஒப்புக்கொண்ட செலவு விதி. நிதியின் எதிர்பார்க்கப்படும் வருமானத்தை மட்டுமே வரவுசெலவுத் திட்டத்துக்கு எடுக்கலாம். அது நூற்றுக்கு நான்கு என்று கணக்கிடப்பட்டு, 2017இல் மூன்றாகக் குறைக்கப்பட்டது. முதற்பணத்தைத் தொடுவதில்லை. இது அரசியலமைப்பில் எழுதப்பட்ட தடை அன்று என்பதைக் கவனியுங்கள். நாடாளுமன்றம் நினைத்தால் மாற்றலாம். கூடுதலாகச் செலவழிக்க வேண்டும் என்று கேட்கும் கட்சிகளும் உண்டு, ஒவ்வொரு தேர்தலிலும் அந்த வாதம் எழும். நிதி எவ்வளவு, எதிலே முதலிடப்பட்டிருக்கிறது என்பதை மத்திய வங்கியின் முகாமைப் பிரிவு கம்பனி வாரியாக இணையத்தில் வெளியிடுகிறது. மொத்தத் தொகை கண்ணெதிரே நொடிக்கு நொடி மாறிக்கொண்டிருக்கும். 2020ஆம் ஆண்டுப் பெருந்தொற்றின்போது மூன்று வீதத்தைத் தாண்டி எடுத்தார்கள். நெருக்கடிக் காலத்தில் கூடுதலாகவும் நல்ல காலத்தில் குறைவாகவும் எடுக்க அந்த விதியே இடமளிக்கிறது.